மேசை மேல் ஓடிய தண்ணீர்

எனக்கு வாய் நீளம். அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி நிலையத்தில் வெளியூர்களுக்கு டிரங்க்கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத குரல்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவேன். வேலை முடிந்து பஸ் பிடித்து ராஜபாளையம் வந்து இறங்கும்போது தொண்டை ஓய்ந்திருக்க வேண்டும். எனக்கோ அப்போதுதான் பேச்சு ஊற்றெடுக்கும். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவேன்.

கேட்க வேண்டிய ஆள் என் வீட்டுக்காரர். பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதியில் ஃபிட்டர். ரிங் பிரேம் என்பது நூல் நூற்கும் நீளமான மிசின். ஒரு கொட்டகைக்குள் அப்படி வரிசை வரிசையாக ஓடும். ஒருமுறை ஆயுதபூஜைக்கு உள்ளே அழைத்துப் போய், எனக்குக் காட்ட ஒரே ஒரு மிசினை மட்டும் ஓட்டச் சொன்னார். அதற்கே நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அவர் சிரித்தார்.

கல்யாணமான புதிதில் அவர் என்னைவிட வாயாடி என்றால் நம்புவீர்களா? வார விடுமுறை வந்தால் சைக்கிளில் அய்யனார் கோயில் ஆற்றுக்குக் கூட்டிப் போவார். பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு மில் கதை முழுக்கச் சொல்வார். யாருக்கு யார் மேல் கோபம், எந்த மேஸ்திரி எப்படி நடப்பார், எல்லாம் நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். கட்டுச்சோறு ஆறிப்போகும்.

அந்த மனிதர் எப்போது ஊமையானார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் நடந்திருந்தால் பிடித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எதிரே உட்கார்ந்து கேட்டால் பதில் வரும். அடுப்படியிலிருந்து கேட்டால் வராது. "என்னங்க, கருவாடு வாங்கவா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, வந்து பார்த்தால் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எனக்குச் சுள்ளென்று ஏறும். பொண்டாட்டி பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை என்று முடிவு கட்டினேன். சம்பாதிக்கிற பொண்டாட்டி என்பதால் பொறுக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். அதற்காக எத்தனை நாள் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்திருக்கிறேன்!

வேறு மாதிரி யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி மில் குடும்பங்கள். மெதுவாகப் பேசுவது என்கிற வழக்கமே கிடையாது. ஒரு வீட்டில் உப்பு இல்லை என்று சொன்னால் நாலாவது வீட்டில் எடுத்து வைப்பார்கள். டி.வி.யை எல்லோரும் ஊருக்கே கேட்கும்படிதான் வைப்பார்கள். இந்தக் கூச்சலுக்குள் எங்கள் வீட்டில் மட்டும் என்ன வித்தியாசம் தெரியும்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். அதற்குள் ஆளாளுக்கு நேராக டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்து டிரங்க்கால் வேலையும் போய், என்னைப் பில் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். அலுவலகத்திலும் பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் அவரும் ஹாலில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். நான் பேசுவேன், அவர் பேப்பர் பார்ப்பார். இந்த வீட்டில் இனி இப்படியேதான் கிழடு தட்டப் போகிறோமா என்று நினைத்தால் பயமாக இருக்கும். மகளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் கைக்கடக்கமான ஒரு நீரூற்று. மேல் கிண்ணத்திலிருந்து கீழ்க் கிண்ணத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு வயதான புருஷன் பொண்டாட்டி. என்ன பேசினார்களோ, அடங்கின குரலில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டென்று அய்யனார் கோயில் ஆறு ஞாபகம் வந்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இந்த மனிதருக்கும் பழைய பேச்சு திரும்பிவிடும் என்று, படித்த பொம்பளை நான், அப்படியே நம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் பேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். நான் வளையலும் ஹேர்பின்னும் வாங்குகிற கடை. அந்த மேசை நீரூற்றுகள் அப்போது புதுசாக வர ஆரம்பித்திருந்தன. ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். பாய் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று பைபர் மலை. கலர் பல்பு, உச்சியில் பிளாஸ்டிக் கொக்கு. இன்னொன்று, பித்தளை நிறத்தில் சாயம் பூசின பிளாஸ்டிக் குடங்கள். மூன்றாவது, பச்சை நிறப் பீங்கானில் மூன்று கிண்ணங்கள்.

எனக்குக் கொக்கின் மேல்தான் கண். பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"அக்கா, இதைக் கண்ணால பாத்து வாங்காதீக. காதால கேட்டு வாங்குங்க. லைட்டு ரெண்டு மாசத்துல போயிரும். சத்தந்தான் கடைசி வரைக்கும் கூட வரும்."

ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார். அடியில் முங்கிக் கிடக்கிற குட்டி மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும், தண்ணீர் தானாகக் கீழே வரும், அவ்வளவுதான் சூட்சுமம். பைபர் மலை மோட்டார் சத்தத்தில் ஈ மாதிரி ரீங்கரித்தது. குடங்களில் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்ததே தவிர விழவில்லை. பீங்கானில்தான் கிண்ணத்துக்குக் கிண்ணம் நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. "இதுக்கு மேல ஒசரம் போனா மேசையெல்லாம் தெறிக்கும், கொறஞ்சா சத்தம் வராது" என்றார் பாய். "ரெண்டு பேரும் செத்த நேரம் கண்ண மூடிக் கேளுங்க."

மூடினேன். களகளவென்று என்ன ஒரு சத்தம்! கண்ணைத் திறந்து பார்த்தால் வீட்டுக்காரரும் சமர்த்தாகக் கண்ணை மூடி, கோயிலில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். "எது எடுக்க?" என்றேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். நின்றுகொண்டே தூங்குகிறாரோ என்று கையைப் பிடித்து இழுத்தபிறகுதான் கண்ணைத் திறந்தார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இதுல அதிர்வு கம்மி. பேரிங் நல்லாருக்கு. இதையே எடு" என்று பீங்கானைக் காட்டினார்.

"அண்ணே, இதுல பேரிங்கே கெடையாது" என்று பாய் சிரித்தார்.

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். இரண்டு பேரும் ஒன்றையே எடுத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில், பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் போல ராஜபாளையம் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஹாலில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். ஜன்னலோரம் வைக்கக் கூடாது, வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். மோட்டார் எப்போதும் தண்ணீருக்குள் முழுக்க முங்கியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்றும் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் ஒரு பெண் கூமாப்பட்டியிலிருந்து வருவாள். அவளிடம் சொல்லி, ஓடையில் கிடக்கிற கூழாங்கல் ஒரு பை நிறையக் கொண்டுவரச் செய்தேன். கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்து, அடிக் கிண்ணத்தில் பரப்பினேன். கல்லைக் கொதிக்க வைப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா வாயில் கை வைத்தார்.

அந்தம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ஏமிட்டிதி?", இது என்ன, என்று தெலுங்கில் ஆரம்பித்து, நீரூற்றைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, மூணு நாளைக்கொருக்க வார தண்ணிக்கு நாங்க கொடத்தோட அடிச்சுக்கிட்டு நிக்கோம். ஒனக்கு மேசை மேல அருவி கேக்குதோ?"

"அருவி இல்ல, எம்புட்டுத் தண்ணின்னு பாருங்க. ரெண்டு செம்புதான்."

"ரெண்டு செம்புல நான் சோறு பொங்கிருவேன்" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அந்தம்மா சொன்னது உறைத்துப்போய் முதலில் போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். பத்தே நாளில் பச்சைப் பீங்கான் வெள்ளை பூத்துவிட்டது. உப்பு! கிண்ணத்தின் விளிம்பெல்லாம் சொரசொரவென்று படிந்து, தண்ணீர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு விழுந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்து, பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன். அதற்குப் பிறகு குழாயில் வருகிற மலைத் தண்ணீரில் இரண்டு செம்பை யாருக்கும் தெரியாமல் ஒதுக்கிவிடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே சிக்கிய தூசியை எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விடுவேன். கொசு முட்டை வைக்காமல் இருக்க ராத்திரியும் ஓட வேண்டுமா என்று பாயிடம் கேட்டதற்கு, வாரம் ஒருதரம் தண்ணீர் மாற்றினால் போதும் என்றார். மகளை வளர்க்கும்போதுகூட இவ்வளவு கிரமமாக இருந்தேனா என்று தெரியவில்லை.

தினம் ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபியோடு உட்காருவேன். தண்ணீர் களகளவென்று ஓடும். நான் பில் கவுண்டர் கதையைச் சொல்வேன். அவர் தண்ணீரைப் பார்ப்பார், தலையாட்டுவார்.

"சத்தம் எப்படி இருக்கு?" என்பேன், அவர் முகத்தைப் பார்த்து.

"நல்லாருக்கு" என்பார்.

அதோடு சரி. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஆற்றங்கரையில் பார்த்த அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. மேசை மேல் இருந்த தண்ணீர் பேசிய அளவுக்குக்கூட அவர் பேசவில்லை. எனக்கு அழுகை வரும், வந்த அழுகை கோபமாக மாறிவிடும். அதுதான் என் பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். மில்லில் நூல் சுற்றும் கதிர்களுக்கு ஊற்றுகிற ஸ்பிண்டில் ஆயிலின் வாசம் வந்தது. அந்த வாசம் அவர் சட்டையில் எப்போதும் இருப்பதுதான், ஆனால் அன்றைக்கு வெங்காய வாசத்தையும் மீறி வந்தது. எட்டிப் பார்த்தேன். மனிதர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நீரூற்றைப் பிரித்துப் போட்டு, எண்ணெய்க் குப்பியின் நீள மூக்கை மோட்டாருக்குள் விட்டு, பக்குவமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, விடாதீக! அதுக்கு எண்ணெய் விடக் கூடாது!" என்று கத்தினேன். கரண்டியோடு நின்று மூன்று முறை கத்தினேன். பக்கத்து வீட்டம்மா அவர் வீட்டிலிருந்து "என்னாச்சு?" என்றார். இவர் திரும்பவில்லை. நிதானமாக இன்னும் நாலு சொட்டு விட்டார். ஓடிப்போய் குப்பியைப் பிடுங்கினேன்.

"ஏட்டி, என்ன? வாரத்துக்கு ஒருக்க எண்ணெய் விடாம எந்த மிசின் ஓடும்? நீ வெள்ளிக்கிழமை வெறும் தண்ணி மாத்துற. அதான் நான் பாத்தேன்" என்றார். முகத்தில் அவ்வளவு அக்கறை. எனக்கு அந்த அக்கறை தெரியவில்லை. நான் கத்தக் கத்தத் திரும்பாமல் இருந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் முழுக்க வானவில் நிறத்தில் எண்ணெய் மிதந்தது. மோட்டாரின் ரப்பர் இரண்டு நாளில் ஊதிப்போய், தண்ணீர் ஏற மறுத்தது. பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மோட்டாரை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, நூல் மில்லுக்காரக வீட்டுக்கு வித்தப்பவே நான் சொல்லிருக்கணும். இதுக்குத் தண்ணிதான் எண்ணெய்."

வேறு ரப்பர் போட்டுக் கொடுத்தார். சோப்புத் தூள் போட்டு ஒவ்வொரு கூழாங்கல்லாகக் கழுவினேன். கிண்ணங்களில் மில் வாசம் போக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் அவரோடு பேசவில்லை. அவரோ என்னைவிட வாடிப்போய்த் திரிந்தார். அடுப்படி வாசலில் வந்து நிற்பார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எண்ணெய் விட்டதற்காக வருத்தப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த மே மாதம் தளவாய்புரத்தில் என் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று நாளைக்குச் சேலை எடுத்து வைத்துக்கொண்டே, அறைக்குள்ளிருந்து எல்லாம் சொன்னேன். பால்காரருக்கு என்ன சொல்ல வேண்டும், மாவு எங்கே இருக்கிறது, முக்கியமாக, "ஃபேன் காத்துல தண்ணி சீக்கிரம் வத்துது, தெனம் ஒரு செம்பு ஊத்துங்க, மோட்டார் வெளிய தெரியவே கூடாது." ஹாலில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று தெரிந்ததுதானே, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பினேன். தெருமுனையில் வரும்போதே ஒரு சத்தம். மிக்ஸியில் கல் மாட்டினது மாதிரி கடகடவென்று. எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. ஓடினேன். நீரூற்றில் தண்ணீர் அடியோடு வற்றி, மோட்டார் பாதி வெளியே தெரிந்தது. காற்றையும் இருக்கிற கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேசையே அதிர உறுமியது. மேல் கிண்ணத்துக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் இவர். என் நிழல் பட்டதும் நிமிர்ந்தார். முகம் அப்படி மலர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"வா வா! ஒன் ஊத்து நேத்துலருந்துதான் ஒழுங்கா ஓடுது. எம்புட்டு நல்லா கேக்குது பாத்தியா! நீ வந்ததும் சொல்லணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பேப்பருக்குள் போனார்.

நக்கலடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய் வரை வந்த வசவை அடக்கிக்கொண்டு, மோட்டார் எரிந்துவிடப் போகிறதே என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். உறுமல் அடங்கியது. ஒரு நிமிடத்தில் தண்ணீர் மேலே ஏறி, முதல் கிண்ணம் நிறைந்து, இரண்டாவதில் விழுந்து, மூன்றாவதில் விழுந்து, களகளவென்று ஓட ஆரம்பித்தது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏட்டி, ஏன் ஆஃப் பண்ணிட்ட?"

செம்போடு அப்படியே நின்றேன். நான் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்ட ஆயிரம் கேள்விகளும், ணங்கென்று வைத்த தட்டுகளும், மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. காதை வைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். வயரில் லேசாகக் கரகரத்தால் எந்த ஊர் லைனில் கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

என் நிழல் நகராததைப் பார்த்து அவர் நிமிர்ந்தார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. பேப்பரை மெல்ல மடித்தார். மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "எப்பருந்து?" என்று கேட்டேன்.

"பத்து வருசமிருக்கும். மொதல்ல சின்னச் சத்தம் போச்சு. பொறவு ஒவ்வொண்ணா."

"டாக்டர்ட்ட காட்டினீகளா?"

"காட்டுனா மிசினை விட்டு எடுத்துட்டுக் கேட்ல காவலுக்கு உக்கார வச்சிருவாக. அங்க எல்லாருமே வாயப் பாத்துத்தான பேசிக்கிடுதோம். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குச் சொல்ல வேண்டாமா? எங்கிட்டச் சொல்ல என்ன கேடு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா, கேக்காதவங்கிட்ட எதுக்குன்னு நீ பேசுறத விட்டுருவ. நீ அடுப்படில நின்னு பேசும்போது எனக்கு ஒன் முதுகப் பாத்தாலே தெரியும். கை ஆடும், தோள் ஆடும். என்ன சொல்லுதன்னு தெரியாது. ஆனா வீட்ல ஆள் பேசிக்கிட்டிருக்குன்னு இருக்கும். அந்த ரெண்டு வாரம் நீ பேசாம இருந்தப்ப எனக்கு இருப்புக் கொள்ளல."

நான் அழுதேன். அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தேன், எனக்கு வேறு என்ன தெரியும்? பத்து வருடமாக என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டீர்களே என்று தொடங்கி, மில்லையும் மேஸ்திரியையும் இழுத்து, அவர் குடும்பத்தின் அழுத்தக்காரப் புத்தியைச் சொல்லி, மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"மெதுவாத் திட்டு ஏட்டி. பாதி விட்டுப் போகுது."